எர்த்

ஆறு திருகாணி.
ஐந்து, சொன்ன பேச்சைக் கேட்டன.
ஆறாவதின் தலையை யாரோ அவசரத்தில்
முன்பே தேய்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.
கடன் வாங்கிய சொந்தக்காரன்போல்
பிடிகொடுக்காமல் சிரித்தது.

சிம்மக்கல்லில் நாலடிக்கு ஆறடிக் கடை எனக்கு.
கைப்பேசிக்குள்ளே போய் வருவது தொழில்.
எள்ளளவு திருகாணி, முடிக்கனத்தில் கம்பி,
தண்ணியில விழவே இல்லைங்க என்று
சொட்டச்சொட்ட நீட்டுகிறவர்கள்.
கிட்டாரை யாரும் கொண்டுவந்ததில்லை.

"சின்ன ஸ்க்ரூ டிரைவர்லாம் உங்ககிட்டத்தான் இருக்கும்னாங்க"
என்றார் ஞானதிரவியம்.
காய்கறிப் பையில் ஒரு குட்டி ஆம்ப்ளிபயர்.
ராத்திரி எட்டுக்குத் தென்கரையில் முளைப்பாரிக் கச்சேரி.
இப்போது மணி மூன்று.

செருகிக் காட்டினார்.
ங்ங்ங்ங்.
"கம்பியத் தொட்டா அடங்கணும். அடங்க மாட்டேங்குது.
அதுவும் பாருங்க, ஜி-க்கு ஒரு மயிரிழை மேல நிக்குது,
எந்தப் பாட்டுலயும் ஒட்டாது."
வாசலில் நிற்கும் டிரான்ஸ்பார்மரைக் கை காட்டினார்.
அதே சுருதி.
எட்டு வருஷமாக அதன் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன்.
அது பாடுகிறதென்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வளையலுக்குப் பக்கத்தில் கிடந்த ரப்பர் பேண்டைக் கழற்றி
தேய்ந்த தலைமேல் விரித்து
டிரைவரை ஊன்றி
மூச்சை நிறுத்தி
ஒரு சுற்று.
கிரக்.

மூடியை நகத்தால் நெம்பினேன்.
முன்பக்கம் அத்தனை சிவப்பு, அத்தனை மினுமினுப்பு.
பின்னால் பூச்சே காணாத வெறும் மரம்.
யாரோ பென்சிலில் எழுதிய 37.
மேடைகளில் தூவிய ஜிகினாத்தாள்,
பல்லிமுட்டை ஓடு இரண்டு.
ஐந்துக்கு இடமிருந்தும் மூன்றே ஸ்பிரிங்.
முன்னால் ஆறு கம்பி இழுக்க
பின்னால் இந்த மூன்றும் எதிர்த்து இழுக்க
நடுவில்தான் நிற்கிறதாம் சுருதி.
"ஆட்டுறதுக்கு ஒரு குச்சி உண்டுங்க.
அலங்காநல்லூர்ல தொலைஞ்சுருச்சு.
அதுக்கப்புறம் ஆட்டுறதில்ல."

ஓரத்தில் கறுப்பு ஒயர் ஒன்று
எதையும் பிடிக்காமல் படுத்திருந்தது.
நுனியில் துளி ஈயம்,
விட்டுவந்த இடத்தின் வடிவம் மாறாமல்.
"எர்த்" என்றேன்.
"அப்ப அதுதான்" என்றார்,
நோயின் பெயர் தெரிந்தவரின் முகத்தோடு.

என் சால்டரிங் ராடு இருபத்தைந்து வாட்.
அந்தத் தடித்த இரும்புக்கு அது வெந்நீர்கூட இல்லை.
ஈயம் உருண்டு உருண்டு மடியில் விழுந்தது.
பக்கத்துக் கடை மிக்சி இருளப்பனிடம்
அறுபது வாட் இரவல்.
பிளேடால் சுரண்டி, பசை தடவி, வைத்து அழுத்தி
எண்ணினேன். பதினேழில் இளகியது.
சாம்பிராணிபோல் ஒரு புகை.
ஒயர் மண்ணைப் பிடித்துக்கொண்டது.

செருகினார்.
ங்ங்ங்.
கையைக் கம்பிகள்மேல் வைத்தார்,
வாசிக்கவில்லை,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் வெறுமனே.
நின்றது.

அது நின்ற இடத்தில்
மேம்பாலத்து ஹாரன்கள்,
சுண்டல் வண்டியின் கரண்டித் தட்டல்,
இருளப்பன் கடையில் யாருடைய தேங்காயையோ அரைக்கும் சோதனை,
எல்லாம் வந்து உட்கார்ந்தன.
நூற்றைம்பது கேட்டேன். இருநூறு தந்தார்.
சத்தம் வரவைக்கத்தான் இதுவரை காசு வாங்கியிருக்கிறேன்.

மூடியை நீட்டினேன்.
"அது கெடக்கட்டும். மேடையில கம்பி அறுந்தா
வெரசா மாத்தத் தோதா இருக்கும்."
"வயித்துல ஸ்பிரிங் குத்தாதா?"
"குத்தும். ராத்திரி ரெண்டு மணிக்கு
அதுதான் என்னைய எழுப்பி விடும்."

ஆடி போய் ஆவணி வந்துவிட்டது.
வெள்ளை மூடி என் மேசைமேல்.
நீள ஓட்டைக்கு அடியில் டேப் ஒட்டி
கைப்பேசித் திருகாணிகளை அதில்தான் கொட்டுகிறேன்.
வருகிறவர்களிடம் சில நேரம் கேட்பதுண்டு:
"வெளிய ஒரு சத்தம் வருதே, கேக்குதா?"

"எந்தச் சத்தம்?" என்கிறார்கள்,
காதைத் தீட்டியபடி
டிரான்ஸ்பார்மரில் சாய்ந்து நின்று.